வாய் பிடுங்கிய கரப்பான்கள்

தகர டிரம்மின் மூடி முந்தின நாள் சாயங்காலம் அவள் வைத்தபடியே இருந்தது. மூடிமேல் ஏற்றி வைத்த செங்கல்லும் இம்மி நகரவில்லை. செங்கல்லை இறக்கி மூடியைத் தூக்கிப் பார்த்தால், நானூறு கரப்பான்கள் இருக்க வேண்டிய டிரம்மில் ஒன்றுகூட இல்லை. முட்டை அடுக்கும் அட்டைகள் நாலும், மிளகுத்தூள் மாதிரிச் சிந்திக் கிடந்த எச்சமும், தொண்டையில் போய் ஒட்டிக்கொள்ளும் அந்தச் சிக்கு நாற்றமும் மட்டும்தான் மிச்சம் இருந்தன.

அவள் டிரம்முக்குள் தலையை விட்டுப் பார்த்தாள். உள்விளிம்பைச் சுற்றி நாலு விரல் அகலத்துக்கு அவள் பூசி வைக்கும் வழவழப்பான களிம்பை இதுநாள் வரை எந்தக் கரப்பானும் தாண்டியதில்லை. காற்றுக்காக மூடியோரம் ஒரு சந்து விட்டிருந்தும் ஒன்றும் வெளியே போனதில்லை. இப்போது ஒரே ஓர் இடத்தில் களிம்பைக் காணோம். கீழிருந்து மேலே நேர்க்கோடாக, யாரோ பொறுமையாக உட்கார்ந்து வழித்து எடுத்திருந்தார்கள். அந்தக் கோடு நெடுகத் தகரத்தில் மயிரிழை மயிரிழையாகக் கீறல்கள் இருந்தன.

தெருவில் அவளை ஸ்லைடுக்காரி என்பார்கள். கல்லூரிகளின் விலங்கியல் வகுப்புக்குக் கரப்பானின் வாயுறுப்பு ஸ்லைடு போட்டுக் கொடுப்பது அவள் தொழில். வீட்டின் முன்னறைதான் பட்டறை. கேட்பவர்கள் முகம் சுளித்தால் அவளுக்கு ரோஷம் வந்துவிடும். நமக்கு இருப்பது ஒரு வாய், அதற்குள் ஒரு நாக்கு, அவ்வளவுதானே. கரப்பானுக்கு அந்த எள்ளளவு முகத்தில் ஏழு பாகம் இருக்கிறது என்று ஆரம்பித்தால் லேசில் விடமாட்டாள். மேலே மூடி மாதிரி மேலுதடு. அதன் பின்னால் இரண்டு கடிதாடைகள். அவை நம் தாடை போல மேலும் கீழும் அசையாது, இடமும் வலமுமாக வந்து நடுவில் கடிக்கும். அவற்றுக்குப் பின்னால் இரண்டு துணைத்தாடைகள், ஒவ்வொன்றிலும் ஐந்து கணு உள்ள குட்டிக் கை ஒன்று. இரையைத் தடவி, ருசி பார்த்து, பிடித்திருந்தால் உள்ளே தள்ளும். நடுவில் நாக்கு. கடைசியில் கீழுதடு. இந்த ஏழையும் ஒன்றும் சிதையாமல் பிடுங்கி, சதையை அரிக்கும் சோடாக் காரக் கரைசலில் கொதிக்கவிட்டுக் கரைத்து, கிராம்பு எண்ணெயில் ஊறவைத்து, கண்ணாடித் துண்டின் மேல் பிசினில் பதித்து, மேலே வெங்காயத் தோல் கனத்துக்கு இருக்கும் மூடிக்கண்ணாடியைப் போட்டால் ஸ்லைடு தயார்.

செத்த கரப்பானில் மூட்டு இறுகிப்போய்க் கடிதாடை வேரோடு வராது, ஒடிந்துவிடும். அதற்கு அவள் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தாள். கொல்லமாட்டாள். மயக்கமருந்து காட்டி அசந்ததும், உயிரோடு இருக்கும்போதே ஏழையும் உருவிவிட்டு, மிச்சத்தை வலது கைக்கு அடியில் இருக்கும் டிரம்முக்குள் தட்டிவிடுவாள். கொஞ்ச நேரத்தில் அது தெளிந்து எழுந்து நடக்கும். வாய் இல்லாவிட்டாலும் ஒரு மாதம் தாக்குப்பிடிக்கும். வளர்ப்பு மீன் விற்கும் கடைக்காரர் வாராவாரம் வந்து அள்ளிக்கொண்டு போவார். மீனைத் திருப்பிக் கடிக்காத இரை வேறு எங்கே கிடைக்கும் என்று அவருக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

அவருக்குத்தான் போன் போட்டாள்.

"அண்ணே, நேத்து வந்து டிரம்ம காலி பண்ணிட்டுப் போனீங்களா?"

"நானா? காய்ச்சல்ல படுத்து மூணு வாரமாச்சேம்மா. ஏன், என்னாச்சு?"

"டிரம்முல ஒண்ணுகூட இல்லண்ணே."

"வாயில்லாத பூச்சி எங்க போகப்போவுது, மேசைக்கடியில செத்துக் கிடக்கும் பாருங்க. அப்புறம், ஒடஞ்ச கண்ணாடியெல்லாம் அதுக்குள்ள போடாதீங்கன்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன். போன வாட்டி என் கையக் கிழிச்சிடுச்சு."

அவர் சொன்னது நிஜம்தான். உடைந்த மூடிக்கண்ணாடி, பிசின் துடைத்த காகிதம், மயிர் கொட்டிய தூரிகை எல்லாவற்றையும் கைக்கு எட்டிய அதே டிரம்மில்தான் அவள் போடுவாள். மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தாள். அலமாரியை நகர்த்தினாள். தூசியும் ஒரு பழைய இடுக்கியும் கிடைத்தன. செத்த கரப்பான் ஒன்றுகூட இல்லை.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் மழை விழ ஆரம்பித்தால் பக்கத்து வீட்டில் இடி விழுந்தாலும் கேட்காது. அவள் முன்னறை அடுப்பில் காரச் சட்டியை ஏற்றிவிட்டு, பழச்சாற்றைக் குவளையில் ஊற்றி, குழல் ஒன்றைப் போட்டு, உள்ளறைக்கு எடுத்துப் போனாள்.

உள்ளறையில் தங்கை படுத்திருந்தாள். வாயாடி என்பது அவளுக்கு வீட்டில் வைத்த செல்லப்பெயர். தூக்கத்திலும் பேசுகிறவள். ஆறு வாரத்துக்கு முன்னால் வண்டியிலிருந்து விழுந்ததில் அவள் தாடை மூன்று இடத்தில் உடைந்து, மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் கம்பியால் சேர்த்துக் கட்டிவிட்டார்கள். இடது காலில் தொடை வரை மாவுக்கட்டு. தலையில் பட்ட அடியில் வெளிச்சம் ஆகாமல் போனதால் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. வண்டியை ஓட்டியது அக்கா. அவளுக்கு ஒரு சிராய்ப்புகூட இல்லை. அப்பா அம்மா போன பிறகு இருவருக்கும் வேறு நாதி கிடையாது. இந்த ஆறு வாரமும் தங்கையின் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம், தான்தான் பிரேக்கை லேட்டாகப் பிடித்தோம் என்ற நினைப்பு வந்தது.

கம்பியை நாளைக்குக் காலையில் எடுக்கப்போகிறார்கள்.

வாயாடி சிலேட்டை எடுத்து எழுதினாள். 'நாளைக்கு பத்து மணிக்கு ஆரம்பிச்சா மூணு நாளைக்கு நிறுத்தமாட்டேன். காதுல பஞ்சு வாங்கி வெச்சுக்கோ.'

"வாங்கி வெச்சாச்சு. எனக்கு ஒண்ணு, பக்கத்து வீட்டுக்கு ஒண்ணு."

தங்கையின் கண் சிரித்தது. பல் இடுக்கில் குழலை வைத்துச் சாற்றை உறிஞ்சினாள். பிறகு சிலேட்டைத் துடைத்து, கொஞ்சம் யோசித்து, மறுபடி எழுதினாள். 'அக்கா, உன் பூச்சி இங்க வருது.'

"எப்போ?"

'மத்தியானம் மாத்திரை போட்டு தூங்குறப்போ. ஒதட்டு மேல.'

"கடிச்சுதா?"

வாயாடி தலையை அசைத்தாள். சாக்பீஸ் மெதுவாக நகர்ந்தது. 'கடிக்கல. மூஞ்சிய என் வாயில வெச்சு அழுத்திட்டு நிக்குது. எதுக்கோ காத்துக்கிட்டு நிக்கிற மாதிரி.'

"கனவா இருக்கும்டி. அந்த மாத்திரைக்கு அப்படித்தான் வரும்" என்றாள். சொல்லும்போதே அவளுக்குப் புறங்கையில் மயிர் எழுந்து நின்றது. மாத்திரையைக் கரைத்துக் கொடுத்துவிட்டு, தங்கை கண்ணயரும் வரை தலையைக் கோதியபடி கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தாள். மூடிய ஜன்னலின் புழுக்கம், மருந்து வாடை, பழச்சாற்றின் புளித்த இனிப்பு, இவற்றுக்கெல்லாம் அடியில் எங்கிருந்தோ கிராம்பு எண்ணெயின் வாசனை. அவள் கையை முகர்ந்து பார்த்தாள். கையில் இல்லை. வாசனை கட்டிலுக்குப் பின்னால் இருந்து வந்தது.

அப்போது அது தலையணையின் விளிம்பில் ஏறியது.

ஒரே ஒரு கரப்பான். அவசரமே இல்லாமல் நடந்து, தங்கையின் கன்னத்தைக் கடந்து, உதட்டோரத்தில் நின்றது. உணர்கொம்பு இரண்டையும் நீட்டிப் பல்லில் கட்டியிருந்த கம்பியை ஒவ்வொரு முறுக்காகத் தடவியது. பிறகு முன்காலால் ஒரு முறுக்கைப் பிடித்து இழுத்துப் பார்த்தது. கம்பி வரவில்லை. முகத்தை உதட்டில் பதித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டது.

அவள் வெறுங்கையால் அதைப் பிடுங்கித் தரையில் அறைந்தாள். செருப்புக் காலால் மிதித்தாள். உடம்பு நசுங்கி, தலை மட்டும் முழுதாகத் தெறித்த பிறகும் விடாமல் மிதித்தாள். குனிந்து எடுத்தபோதுதான், தன் உள்ளங்கையில் மெல்லிய கோடு ஒன்று விழுந்து ரத்தம் முத்து முத்தாகக் கசிவதைப் பார்த்தாள். வாயில்லாத பூச்சி எப்படிக் கிழிக்கும்?

முன்னறைக்கு ஓடி அதை மைக்ராஸ்கோப்பின் அடியில் வைத்தாள்.

முகத்தில் அவளே தோண்டிய குழி. அந்தக் குழியின் இடத்திலும் வலத்திலுமாக, பிறைநிலா வடிவில் இரண்டு கண்ணாடிச் சில்லுகள் நட்டிருந்தன. மூடிக்கண்ணாடி. அவள் உடைத்துப் போட்டது. சில்லின் அடியில் மஞ்சளாகப் பிசின், பிசினைச் சுற்றிப் புதிதாக ஏறி வளர்ந்த சதை. அவள் ஊசி முனையால் சதையைத் தொட்டாள். செத்த முகத்தில் சில்லுகள் இரண்டும் பக்கவாட்டில் நகர்ந்து நடுவில் வந்து ஒன்றோடொன்று மோதின. கிளிக் என்று ஒரு சத்தம். கொட்டுகிற மழையிலும் அது அவளுக்குத் துல்லியமாகக் கேட்டது.

கண்ணாடித் தாடைக்குப் பின்னால், பக்கத்துக்கு ஐந்தாக அவளுடைய தூரிகை மயிர்கள் செருகப்பட்டிருந்தன. துணைத்தாடை. இரையைத் தடவி ருசி பார்க்க.

இத்தனை வருஷமாகச் செய்கிற கணக்கு என்பதால் மனம் தானாகவே எண்ணியது. கடிதாடை இரண்டு. துணைத்தாடை இரண்டு. நாலு பாகத்தைக் குப்பையிலிருந்து செய்துகொண்டுவிட்டன. மீதி மூன்று. மேலுதடு, நாக்கு, கீழுதடு. கண்ணாடியிலும் மயிரிலும் அதைச் செய்ய முடியாது. அதற்குச் சதை வேண்டும்.

உள்ளறையில் சிலேட்டு விழுந்து உடைந்தது.

அவள் ஓடினாள். கதவைத் தள்ளியதும் அந்த வாடை முகத்தில் அறைந்தது. கட்டில் கறுப்பாக இருந்தது. போர்வை கறுப்பாக இருந்தது, அது அசைந்தது. வாயாடியின் முகம் இருந்த இடத்தில் முகம் இல்லை. பழுப்பும் கறுப்புமாகப் பளபளக்கும் ஒரு குவியல், அதற்கு மேலே உருண்டு விழித்த இரண்டு கண்கள். கம்பிக்குப் பின்னாலிருந்து தங்கை அலறிக்கொண்டிருந்தாள். அலறல் பல்லைத் தாண்டவில்லை. மூக்கு வழியாக முனகலாக வந்தது. எங்கும் கிளிக் கிளிக் என்ற சத்தம். நானூறு வாய்.

கையால் வாரி எடுத்தாள். கத்தி மேல் கையை வைத்த மாதிரி விரல்கள் கிழிந்தன. வாரிச் சுவரில் அடித்தாள். மறுபடி வாரினாள். கட்டைவிரலில் எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. நிறுத்தவில்லை. தங்கையின் மேலுதடு ஓரத்தில் பிளந்து தொங்கியது. ஈறு தெரிந்தது. ரத்தம் கழுத்தில் இறங்கித் தலையணையை நனைத்தது. பத்து இருபது கரப்பான்கள் சேர்ந்து ஒரே கம்பி முறுக்கைப் பிடித்து, கால்களை ஊன்றி, இழுத்துக்கொண்டிருந்தன. ஒரு முறுக்கு அவிழ்ந்தும் இருந்தது.

"விடுங்கடி! விடுங்க அவள!"

ஜன்னல் துணியைப் பிடுங்கி எறிந்தாள். மழை வெளிச்சம் சாம்பல் நிறத்தில் உள்ளே கொட்டியது. வெளிச்சம் பட்டால் சிதறி ஓடாத கரப்பானை அவள் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. ஒன்றுகூட ஓடவில்லை. தங்கையின் அக்குளில் கை கொடுத்து இழுத்தாள். மாவுக்கட்டு கட்டிலின் கம்பியில் சிக்கியது. மறுபடி இழுத்தாள். காலடியில் நசுங்கிய பூச்சிகளில் வழுக்கி முட்டி தரையில் மோதியது. எழுந்தாள். மறுபடி வழுக்கினாள். முன்னறைக்கு ஓடி, அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த காரச் சட்டியை வெறுங்கையால் தூக்கிவந்து, உள்ளறை வாசற்படியில் ஊர்ந்து வந்துகொண்டிருந்த கூட்டத்தின் மேல் கவிழ்த்தாள். அவை பொரிந்தன. வெந்த உடல்களின் மேல் ஏறி அடுத்த வரிசை வந்தது.

அவள் வாயைத் திறந்து கத்தினாள். வார்த்தை இல்லை. வெறும் கத்தல்.

கிளிக் சத்தம் நின்றது.

தங்கையின் முகத்தில் இருந்தவை, கம்பியை இழுத்தவை, போர்வையில், தரையில், சுவரில் இருந்தவை எல்லாம் ஒரே சமயத்தில் இவள் பக்கம் திரும்பின. நூற்றுக்கணக்கான உணர்கொம்புகள். எல்லாம் அவள் வாயைப் பார்த்து நின்றன.

அவள் வாயை மூடினாள்.

எல்லாம் மறுபடி வாயாடியின் பக்கம் திரும்பின. கிளிக். கிளிக்.

மெதுவாகத் திறந்தாள். திரும்பின.

அவளுக்குப் புரிந்துவிட்டது. கம்பி போட்ட வாயை அவிழ்க்க இன்னும் நேரம் ஆகும். திறந்த வாய் ஒன்று இருந்தால் அவை அதற்குத்தான் வரும். வாசல் நாலே எட்டுத் தூரம்தான். ஓடினால் அவள் பிழைத்துக்கொள்வாள். அந்த நினைப்பு வரவே செய்தது. வந்ததற்காகத் தன்மேலேயே அவளுக்கு ஆத்திரமாக வந்தது. கால்வழி சூடாக இறங்கியது. இவ்வளவு பயத்தை அவள் வாழ்க்கையில் பட்டதில்லை.

"வாயாடி" என்றாள். "கண்ண மூடிக்கோடி. நான் சொல்ற வரைக்கும் தெறக்காத. அக்கா இங்கதான் இருக்கேன்."

கட்டிலுக்கு நேர் எதிரே, தூரத்துச் சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தாள். வாயைத் திறந்தாள்.

அவை வந்தன. கட்டிலிலிருந்து ஒரு கறுப்புத் துணி நழுவி விழுகிற மாதிரி இறங்கின. தங்கையின் முகம் தெரிந்தது. கிழிந்த உதடு. மூச்சு இருந்தது. அதைப் பார்த்ததும் அக்காவுக்கு உயிர் வந்தது. போதும்.

பாதம். முட்டி. மடி. கழுத்து. முதல் உணர்கொம்பு அவள் முன்பல்லைத் தொட்டது. தூரிகை மயிர் உதட்டில் தடவியது, அங்கும் இங்கும், ருசி பார்த்தது. பிறகு மேலுதட்டில் ஒரு சின்னச் சூடு. கண்ணாடி அவ்வளவு மெல்லிசு. முதலில் வலி இல்லை. இடமிருந்து ஒன்று, வலமிருந்து ஒன்று. நடுவில் சந்தித்தன.

பிறகு வலித்தது.

ஒன்று எதையோ கவ்விக்கொண்டு அவள் மார்பில் இறங்கிப் போனது. அடுத்தது அந்த இடத்துக்கு ஏறியது. இன்னொன்று. நாக்கின் மேல் கால்கள். நாக்கின் அடியில். கீழுதட்டில் வரிசையாக. ரத்தம் தொண்டைக்குள் வழிந்தது, விழுங்கினாள். விழுங்குவதற்காகக்கூட வாயை மூடக் கூடாது. மூடவில்லை. இரண்டு கைகளாலும் தன் தாடையைத் தானே பிடித்துக்கொண்டாள்.

அவள் தோளில் இருந்த ஒன்று கட்டில் பக்கம் திரும்பியது. அதன் பின்னால் இன்னும் இரண்டு திரும்பின. தரையில் இறங்கின. இங்கே இடம் போதவில்லை.

கட்டிலில் வாயாடி கண்ணை மூடவில்லை. அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கம்பிக்குப் பின்னால் அந்தச் சத்தம், நிற்காமல், ஒரே ஸ்தாயியில்.

அக்கா கிழிந்த விரல்களைக் கீழ்ப்பல் வரிசைக்குள் கோத்துக்கொண்டாள். கீழே இழுத்தாள். காதோரத்தில் எலும்பு நெறிந்து விட்டுக்கொடுத்தது. கட்டிலுக்குப் போனவை நின்றன. திரும்பின. அவள் இன்னும் அகலமாகத் திறந்தாள்.